எல்லோருக்கும் திறக்கும் கடை: மேல்நிலை முதலாம் ஆண்டு கணினி வகுப்புக்கு ஒரு பாடம்

மேல்நிலை முதலாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில், இணையப் பக்கத்தில் படம் சேர்க்கும் 'இமேஜ்' ஒட்டை நடத்தும்போது அதன் பண்புக்கூறுகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். படம் இருக்கும் இடம், அகலம், உயரம், கடைசியாக 'ஆல்ட்'. "படம் தெரியாவிட்டால் அதற்குப் பதில் வரும் சொற்கள்" என்ற ஒரு வரி விளக்கம் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் போதும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான்கு பாடவேளை நடத்தலாம். அப்படி நடத்தத் திருப்பூர் மாவட்டத்தைப் போல ஏற்ற இடம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதி அமராவதி நகர். வெளியூர் நண்பர்களுக்கு அணையும் முதலைப் பண்ணையும் சைனிக் பள்ளியும் நினைவுக்கு வரும். எங்கள் மாணவர்களுக்கோ விடியற்காலையில் வந்து நிற்கும் கம்பெனி வேன்தான் ஊரின் அடையாளம். பெற்றோரில் பலர் பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ வேலை செய்கிறார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது என்று புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஓவர்லாக், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்ற சொற்களை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்தத் துணி இன்று காதர்பேட்டைக் கடைகளில் மட்டும் விற்பதில்லை. சிறிய கம்பெனிக்குக்கூட ஓர் இணையதளம் இருக்கிறது. அதுவும் இல்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறார்கள்.

கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. கனம், மென்மை, இழுவை எல்லாம் தெரிந்துவிடும். அந்த இடத்தில் பார்வையற்றவருக்கும் நமக்கும் வேறுபாடு அதிகமில்லை. இணையதளத்தில் யாராலும் தொட முடியாது. பார்வை உள்ளவர் படத்தை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார். பார்வையற்றவருக்கு அங்கே இருப்பவை சொற்கள் மட்டுமே. சொற்கள் இல்லாவிட்டால் கடை பூட்டிக் கிடக்கிறது என்றுதான் பொருள்.

கேட்டுப் பார்க்கும் பாடவேளை

முதல் பாடவேளைக்குக் கணினி ஆய்வகம் தேவையில்லை. ஆசிரியரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஒரு சிறிய ஒலிபெருக்கியும் போதும். கைப்பேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் 'டாக்பேக்' என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அதை இயக்கினால் விரல் படும் இடத்தில் உள்ளதைக் கைப்பேசி வாய்விட்டுப் படிக்கும். வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த உருப்படி. இருமுறை தட்டினால் அது திறக்கும். தமிழ்க் குரலும் உண்டு. முதன்முறை இயக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொடுதல் முறை முழுவதும் மாறிவிடுவதால், நிறுத்தத் தெரியாமல் திண்டாட நேரும். வகுப்புக்குப் போகும் முன் வீட்டில் நான்கு முறை இயக்கி நிறுத்திப் பழகிக்கொள்வது நல்லது. கணினியில் செய்ய விரும்புவோர் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கியது அது. இருவரும் பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களை வாங்க முடியாதவர்களுக்காகத் தாங்களே எழுதினார்கள். இந்தத் தகவலை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் உதவி பெறுபவர் என்ற எண்ணம் அங்கேயே கொஞ்சம் ஆட்டம் காணும்.

கைப்பேசித் திரையை மாணவர்களுக்குக் காட்டக் கூடாது. ஒலி மட்டும் கேட்க வேண்டும். ஆடை விற்கும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். என் வகுப்பில் கேட்டது ஏறக்குறைய இப்படி: "இணைப்பு. இணைப்பு. லேபிளிடப்படாத பட்டன். படம், ஐ.எம்.ஜி. அடிக்கோடு 4471. லேபிளிடப்படாத பட்டன். படம், ஐ.எம்.ஜி. அடிக்கோடு 4472." முதலில் சிரிப்பு. இரண்டு நிமிடம் இதே ஒலி தொடர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இப்போது சொல்லுங்கள், இந்தக் கடையில் என்ன விற்கிறார்கள்? விலை என்ன?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. விலை படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நாள் போன்ற நிகழ்ச்சிகளில் மாணவர்களின் கண்ணைக் கட்டி நடக்கவிடும் செயல்பாடு பல பள்ளிகளில் நடக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு மிஞ்சுவது பயமும் "பாவம்" என்ற உணர்வும்தான். பார்வையற்ற ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகித் தேர்ந்த திறன் எதுவும் அந்த ஐந்து நிமிடத்தில் தெரியாது. டாக்பேக் பாடவேளையில் குறை வேறிடத்தில் தெரிகிறது. கேட்பவரின் காதில் கோளாறில்லை, பக்கத்தை எழுதியவரின் கையில்தான் கோளாறு என்று மாணவர்களே கண்டுகொள்கிறார்கள்.

ஒரு டி-சர்ட்டை எழுதுதல்

இரண்டாம் பாடவேளையில் ஒரு டி-சர்ட்டை மேசைமேல் விரித்து வைத்து, "இதைப் பார்க்காதவர் வாங்கும்படி இரண்டு வரியில் எழுதுங்கள்" என்று சொல்லலாம். தமிழாசிரியர்களும் இதை ஆறாம் வகுப்பிலிருந்தே செய்யலாம். வருணனை எழுதும் பயிற்சிக்கு இதைவிடக் கறாரான தேர்வு கிடையாது. முதல் சுற்றில் வந்தவை: "அழகான டி-சர்ட்", "சூப்பரான நீல நிற ஆடை", "இளைஞர்கள் விரும்பும் மாடல்". இவற்றைப் படித்துவிட்டு யாராவது பணம் கட்டுவார்களா என்று கேட்டால் அவர்களே தலையசைத்து மறுப்பார்கள்.

இரண்டாம் சுற்றில் மிக நன்றாக எழுதியவர் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவர் அல்ல. தாயார் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு மாணவி. அவர் எழுதியது: "ஆண்களுக்கான அரைக்கை டி-சர்ட், கருநீலம், வட்டக் கழுத்து, கழுத்தில் ரிப் பட்டி, இடப்பக்க மார்பில் உள்ளங்கை அகலத்தில் வெள்ளை எழுத்து அச்சு." அதோடு தனியாக ஒரு வரி: "துணி சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம்., முழுப் பருத்தி." ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். வீட்டில் தினமும் காதில் விழும் அந்தச் சொல் அன்று வகுப்பறையில் பாடமானது. கரும்பலகையில் அவர் எழுதியதை எழுதிப் போட்டபோது அந்த மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து 'ஆல்ட்' உரையின் இலக்கணத்துக்குப் போகலாம். "படம்" என்று தொடங்கத் தேவையில்லை. திரைவாசிப்பானே அது படம் என்று சொல்லிவிடும். படம் அங்கே எதற்காக இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். அதே டி-சர்ட் படம் 'அனைத்து ஆண்கள் ஆடைகள்' என்ற பக்கத்துக்கு இட்டுச் செல்லும் இணைப்பாக இருந்தால், கழுத்துப் பட்டி விவரம் வேண்டாம். "ஆண்கள் ஆடைகள்" என்பதே சரியான உரை. வெறும் அலங்காரப் பூவேலைக்கு 'ஆல்ட்' பண்பை எழுதி, மேற்கோள் குறிக்குள் ஒன்றும் எழுதாமல் காலியாக விட வேண்டும். அப்போது திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போகும். பண்பையே எழுதாமல் விட்டால் கோப்பின் பெயரைப் படிக்க நேரிடும். மாணவர்கள் கேட்ட "ஐ.எம்.ஜி. அடிக்கோடு 4471" அப்படி வந்ததுதான். காலியாக விடுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல என்பது தேர்வு வினாவாகவே வரத் தகுந்தது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் பார்வையற்றவர். வணிகவியல் பட்டம் முடித்தவர். கணினியில் என்னைவிட வேகம். மாணவர்கள் ஆய்வகத்தில் செய்த பக்கங்களைச் சோதித்துப் பார்க்க அவரைக் கைப்பேசி வழியே வகுப்புக்கு அழைத்தேன். ஓர் ஆர்வக்கோளாறு மாணவர் ஒரே படத்துக்கு ஒரு பத்தி முழுவதும் எழுதி வைத்திருந்தார். கேட்டு முடித்ததும், "டீச்சர், எனக்கு டி-சர்ட்தான் வேணும், கதை வேண்டாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் நான் அரைமணி நேரம் விளக்கியிருக்கக்கூடியதை விளக்கிவிட்டது.

அவரிடம் மாணவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "இணையதளம் சரியில்லாததால் உங்களுக்கு நஷ்டம் ஏதாவது ஆகியிருக்கிறதா அண்ணா?" அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு நிறுவனம் அலுவலக உதவியாளர் வேலைக்கு இணையதளம் வழியே மட்டும் விண்ணப்பம் கேட்டிருந்தது. படிவத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி என்ற எந்தக் கட்டத்துக்கும் லேபிள் இல்லை; "திருத்து பெட்டி, திருத்து பெட்டி" என்றே கேட்டிருக்கிறது. ஊகித்து நிரப்பியிருக்கிறார். கடைசியில் வளைந்து நெளிந்த எழுத்துகள் கொண்ட ஒரு படம். அதைப் பார்த்துத் தட்டினால்தான் படிவம் போகும். ஒலி வடிவம் இல்லை. வீட்டில் பார்வையுள்ள தம்பி இரவு ஷிப்ட் முடித்து வந்தது மறுநாள் காலை. கடைசி நாள் முதல் நாள் இரவோடு முடிந்திருந்தது. "வேலை கிடைச்சிருக்குமான்னு தெரியாது. ஆனா வேண்டாம்னு அவங்க சொல்லணும், அந்தப் படம் சொல்லக் கூடாது" என்றார். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. வணிக இணையதளம் என்றால் வாங்குவது விற்பது மட்டுமே என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, வேலைக்கான வாசலும் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

படிவம் பாடத்தை நடத்தும்போது 'லேபிள்' ஒட்டையும் உள்ளீட்டுக் கட்டத்தையும் 'ஐடி' மூலம் இணைப்பதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்து நடத்திவிட்டேன். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு லேபிளுக்கு ஈடாகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பிழையைச் சிவப்புக் கட்டமாக மட்டும் காட்டாமல் "கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்" என்று சொல்லில் எழுத வேண்டும். இதனால் பார்வை உள்ளவருக்கும் பயன்தான்.

அளவுப் பட்டியலும் கணக்குப் பாடமும்

ஆடை இணையதளங்களில் மிகுதியாகத் தொல்லை தருவது அளவுப் பட்டியல். பனியனுக்கு 80, 85, 90, 95 என்றும், டி-சர்ட்டுக்கு எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்றும் அளவுகள். எந்த எழுத்துக்கு எத்தனை அங்குல மார்பளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைப் பட்டியலாக எழுதாமல் படமாக ஒட்டிவிடுகிறார்கள். பார்வையற்றவருக்கு அது இல்லாத பட்டியல். மங்கிய பார்வை உள்ளவர் பெரிதாக்கினால் எழுத்து உடைந்து புள்ளி புள்ளியாகிறது. நம் பாடத்தில் உள்ள 'டேபிள்' ஒட்டைக் கொண்டு, தலைப்புக் கட்டங்களுக்கு 'டி.எச்.', மற்றவற்றுக்கு 'டி.டி.' எழுதினால், திரைவாசிப்பான் கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது "மார்பளவு, 40" என்று தலைப்பையும் சேர்த்துப் படிக்கும். 'டி.எச்.' எதற்கு, தடித்த எழுத்துக்குத்தானே என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

நிறத்துக்கும் இதே கதைதான். வட்ட வட்டமாக நிறப் புள்ளிகளை வைத்து "தேர்வு செய்க" என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கருநீலம், மெரூன், ஆலிவ் என்று பெயர் எழுதினால் பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கும் பயன்படும். வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருந்து, நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காசிரியரோடு சேர்ந்து நடத்தலாம். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய அமைப்பு, அணுகல்தன்மைக்கு வழிகாட்டு நெறிகளை 1999இல் முதலில் வெளியிட்டது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று அவற்றைச் சொல்கிறார்கள். 2008இல் இரண்டாம் பதிப்பு; அதன் விரிவுகள் 2018இலும் 2023இலும் வந்தன. உணர முடிதல், இயக்க முடிதல், புரிந்துகொள்ள முடிதல், எந்தக் கருவியிலும் உறுதியாக இயங்குதல் என்ற நான்கு அடிப்படைகளின் மேல் அவை நிற்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கு ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள அளவுகோல்களில் ஒன்று.

கணக்கிடும் முறை எளியது. வெள்ளையின் ஒளிர்மை 1, கறுப்பின் ஒளிர்மை 0. முழுச் சிவப்பு 0.2126, முழுப் பச்சை 0.7152, முழு நீலம் 0.0722, மூன்றையும் கூட்டினால் 1 வரும். இரண்டு நிறங்களின் ஒளிர்மையோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து: 1.05ஐ 0.05ஆல் வகுத்தால் 21. நீல எழுத்து: 1.05ஐ 0.1222ஆல் வகுத்தால் 8.59, தேறியது. சிவப்பு எழுத்து: 1.05ஐ 0.2626ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4, தேறவில்லை! பச்சைக்கு 1.37. மஞ்சளுக்கு (சிவப்பும் பச்சையும் சேர்ந்தது) 1.07 மட்டுமே. 'ஆடித் தள்ளுபடி' என்று வெள்ளையில் பளபளக்கும் சிவப்பில் எழுதும் கடைகள் எல்லாம் இந்தத் தேர்வில் மயிரிழையில் தோற்பவை என்று கண்டுபிடித்ததில் என் மாணவர்களுக்குப் பெரிய குதூகலம். பெரிய தலைப்பு எழுத்துக்கு 3:1 போதும் என்ற விலக்கைச் சொன்னதும் கொஞ்சம் ஏமாந்தார்கள்.

உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் கணினி வழியே ஆராயும் அமெரிக்க அமைப்பான வெப்எய்ம், 2025இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை கண்டது. முதலிடம் இந்த ஒளி வேறுபாட்டுக் குறைக்குத்தான், 79.1 விழுக்காடு.

விசைப்பலகை பற்றியும் ஒரு சோதனை உண்டு. சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு 'டேப்' விசையாலேயே ஓர் ஆடையைக் கூடையில் சேர்க்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்திரத்தில் விரல்களை இழந்தவர்களும் கை நடுக்கம் உள்ளவர்களும் சுட்டியைப் பிடிக்க முடியாதவர்கள். நூற்பாலைகள் நிறைந்த பகுதியில் இதை விளக்க எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்தவருக்குக் காணொலியில் எழுத்துவரி வேண்டும் என்பதும், வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் போதாது, எழுதிக் கேட்க ஒரு வழியும் வேண்டும் என்பதும் மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்

இதை வேறு மொழி நூல்களில் தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ், கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். திரைவாசிப்பான் அந்தக் குவியலைத்தான் படிக்கும். யூனிகோடில் தட்டினால் மட்டுமே அது தமிழாக ஒலிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தர எழுத்து முறையாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்து, படமாக்கி, அப்படியே இணையதளத்தில் ஏற்றும் வழக்கம் கடைத்தெருவில் இன்றும் இருக்கிறது.

இன்னொன்று மொழிக் குறிப்பு. பக்கத்தின் முதல் ஒட்டிலேயே அது எந்த மொழிப் பக்கம் என்று 'லாங்' பண்பால் சொல்ல வேண்டும். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலம் என்று குறித்திருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும். சில குரல்கள் படிக்காமலே தாண்டிவிடும். பக்கத்தை ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருவில் செய்பவர்கள் இந்த ஒரு வரியை மாற்றுவதே இல்லை. வகுப்பில் அதை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் கேட்கச் செய்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாடத்தைப் புகைப்படமாக அனுப்பும்போது அதே செய்தியைக் கீழே தட்டியும் விட வேண்டியது ஏன் என்பதும் இங்கேயே விளங்கும். பிள்ளைக்குப் பார்வை இருக்கலாம். பெற்றோருக்கு இல்லாமல் இருக்கலாம்.

சட்டம் சொல்வது

"இதெல்லாம் நல்ல மனசு உள்ளவங்க செய்யறது, கட்டாயமா டீச்சர்?" என்று ஒரு மாணவர் கேட்டார். கட்டாயம்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்கள் இருந்தன, இதில் 21. தகவல் தொழில்நுட்பம் அணுகக் கூடியதாக இருக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவும், அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர் விதிகளின்படி அணுகல்தன்மையை உறுதிசெய்ய வேண்டும் என்று 46ஆம் பிரிவும் சொல்கின்றன. மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் என்கிறது 89ஆம் பிரிவு. தனியார் நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும் பிராக்டோ செயலியைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வை மாற்றுத்திறனாளியான வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் முறையிட்டபோது, மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் அந்த நிறுவனத்துக்கும் கடமை உண்டு என்று கொண்டு, செயலியைச் சரிசெய்யச் சொன்னார்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அரசியல் அறிவியல், குடிமையியல் ஆசிரியர்களும் குறித்துக்கொள்ளலாம். ராஜிவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், மின்னணு வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றார்கள். அமில வீச்சுக்கு ஆளான பெண்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்குத் தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்கிறது இயந்திரம். அமிலத்தால் கண்ணிமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு 21ஆம் உறுப்பை நடத்திப் பாருங்கள்.

வெளிநாட்டு வணிகத்துக்கும் இதில் இடமுண்டு. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரும் கடை நிறுவனத்தின் இணையதளத்தின்மீது பார்வையற்றோர் கூட்டமைப்பு 2006இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் அந்நிறுவனம் 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணைய வழிச் சில்லறை வணிகத்துக்கும் பொருந்துகிறது. மிகச் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பியக் கடைகளுக்கு மொத்தமாகத் தைத்து அனுப்பும் திருப்பூர் நிறுவனத்தை இது நேரடியாகத் தொடாது. ஆனால் அங்குள்ள வாடிக்கையாளருக்குத் தன் இணையதளத்தில் நேரடியாக விற்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்க முடியாது.

"எத்தனை பேர் வாங்கப் போறாங்க?" என்பது கடைக்காரர்களின் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். அவர்களோடு கண் மங்கிய தாத்தா பாட்டிகளையும், வெயிலில் நின்று கைப்பேசி பார்ப்பவர்களையும், இடுப்பில் குழந்தையோடு ஒரு கையால் தட்டும் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இலாபக் கணக்கை நான் வகுப்பில் கடைசியாகத்தான் சொல்கிறேன். அதை முதலில் வைத்தால், இலாபம் வராத இடத்தில் உரிமையும் இல்லை என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளக் கூடும்.

வகுப்புக்கு வெளியே

செயல்திட்டமாக, மாணவர்கள் குழுவுக்கு ஒரு கடை வீதம் எடுத்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு எழுதிய மின்னஞ்சல்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது, "தகவலுக்கு நன்றி" என்று. நன்றாக நடந்தது வேறோர் இடத்தில். ஒரு மாணவரின் தாயார் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் நைட்டியும் குழந்தைகள் ஆடையும் விற்கிறார். படத்திலேயே விலையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர், மகன் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் துணி, நிறம், அளவு, விலை நான்கையும் தட்டி அனுப்பத் தொடங்கினார். பார்வையற்ற வாடிக்கையாளர் எவரும் வந்தாரா என்று தெரியாது. ஆனால் "அந்தப் பச்சை எவ்வளவுங்க, எந்தச் சைஸ் இருக்குங்க" என்று கேட்டு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று பெற்றோர் கூட்டத்தில் அவரே சொன்னார்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் செய்ய வேண்டும். ஒரு பொருள், ஓர் அளவுப் பட்டியல், ஒரு படிவம். இன்னொரு குழு திரையைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு, அந்தப் பொருளை "வாங்கி" முடிக்க வேண்டும். வாங்க முடிந்தால் முழு மதிப்பெண். நின்றுபோனால், நின்ற இடத்தை இரு குழுவும் சேர்ந்து திருத்திய பிறகு மதிப்பெண். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு பாடவேளைக்குள் இதை முடிக்கலாம். ஆய்வகத்தில் தலையணி ஒலிபெருக்கிகள் போதாவிட்டால் ஒரு நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் வைக்க வேண்டாம். எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடும். ஒன்றியத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை அன்றைக்கு வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் எந்த வகுப்பில் படித்தாலும் அவர்களையும் சோதனையாளர்களாக அழைத்து வர வழி செய்வார்.